பதில்: பேஸ் கிட்டாரின் ‘வெப்பத் தொனி’ என்னும் சொல் பற்றி

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இசைக்கருவிக் கலைச்சொல் பட்டியலில் பேஸ் கிட்டாருக்கான பெடல்களை (ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் சிறு பெட்டிகளை) பற்றிய பகுதி, ‘வார்ம் டோன்’ (warm tone) என்ற ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. முதலில் ‘வெப்பத் தொனி’ என்று எழுதப்பட்டது. அதற்குப் பிறகு ‘கதகதப்பு’, ‘ஜீவன்’, ‘கார்வை’, ‘குழைவு’ என நான்கு சொற்கள் வந்துவிட்டன. நான் மொழியறிஞன் அல்லேன். தேவாலயப் பாடகர் குழுவிலும், அழைப்பு வந்தால் மெல்லிசைக் கச்சேரிகளிலும் பேஸ் வாசிப்பவன். இந்த ஒலியைக் காலால் மிதித்து வரவழைப்பவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

> வால்வு சூடாவதால் வந்த பெயர்தானே? நாமும் வெப்பம் என்றே சொல்லிவிடலாம்.

ஐயா, வால்வு எனப்படும் கண்ணாடிக் குழாய்கள் வைத்த பழைய ரேடியோவின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் இதை ஒப்புக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால் வால்வே இல்லாத, தொட்டால் சில்லென்று இருக்கும் பெடலிலிருந்தும் இதே ஒலி வருகிறது; நன்றாகச் சூடேறிய வால்வுப் பெருக்கியிலிருந்து காதைக் கிழிக்கும் ஒலியும் வருகிறது. ஆகவே சூடு இதற்கு இலக்கணம் ஆகாது. அதைவிடப் பெரிய இடையூறு நம் மொழியிலேயே இருக்கிறது. குளிர்நாட்டில் வெப்பம் இன்பம், நமக்கு அப்படியில்லை. நல்ல செய்தி கேட்டால் நம் மனம் குளிர்கிறது. நல்ல பாட்டு செவிக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. கடிந்து பேசினால் அது சுடுசொல். ‘வெப்பத் தொனி’ என்று படிக்கும் ஒரு தமிழ் வாசகர், அது சுடுகிற ஒலி, அதாவது நாம் சொல்ல வந்ததற்கு நேர்மாறானது என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘கதகதப்பு’ இவ்வளவு தீங்கு செய்யாது. ஆனாலும் அது மழைநாள் போர்வையின் சொல். அதிலிருந்து வினையோ எதிர்ச்சொல்லோ கிளைப்பது கடினம்.

அடுத்த மூன்று சொற்களைப் பற்றிச் சொல்வதற்கு முன், பெயர் வேண்டி நிற்கும் பொருளைச் சற்று விரிவாகப் பார்த்துவிடலாம். ஏனென்றால் அந்த மூன்றும் இசையுலகச் சொற்களாக இருந்தும் இந்த இடத்துக்குப் பொருந்தாமல் போவது, பொருளைப் பார்த்தால்தான் விளங்கும்.

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41.2 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதோடு 82.4, 123.6, 164.8 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. கருவியை நேரே ஒலிக்கலவைப் பலகையில் செருகினால், விரல் தந்தியைக் கிள்ளும் சத்தம், தந்தி கழுத்திலுள்ள மெட்டுக்கம்பியில் மோதும் சத்தம் எல்லாம் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அடி ஒலியோ தனியாகக் கீழே கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லாதது போல இருக்கும். டிரைவ் பெடல் செய்வது, இந்த அலையின் முகடுகளைச் சிறிதே மழுக்குவதுதான். மேல்முகட்டையும் கீழ்முகட்டையும் ஒத்த அளவில் மழுக்கினால் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் புதிதாகச் சேரும். ஒன்றை மற்றதைவிடக் கூடுதலாக மழுக்கினால் இரட்டைப்படை மடங்குகளும் சேரும். இரண்டாம் மடங்கு என்பது அதே சுவரத்தின் மேல் ஸ்தாயி. மூன்றாம் மடங்கு அந்த மேல் ஸ்தாயியின் பஞ்சமம். நான்காவது மீண்டும் அதே சுவரம். இவை தனி ஒலிகளாகக் கேட்பதில்லை, அடிச்சுவரத்தோடு கலந்து அதற்குச் சதைப்பற்றைத் தருகின்றன. மென்மையாக மழுக்கும்வரை இந்தத் தாழ்ந்த மடங்குகளே ஓங்கி நிற்கும். முகட்டை வெட்டி எறிந்தாற்போல மழுக்கினால் ஏழு, ஒன்பது என்று ஒட்டாத மடங்குகளும் பலமாகக் கிளம்பிக் கரகரப்பு வந்துவிடும்.

அந்தக் கரகரப்பின் வரலாறும் பேஸோடு ஒட்டியதுதான். அமெரிக்காவின் நாஷ்வில்லில் பதிவாகி 1961-இல் வெளிவந்த ஒரு ‘கன்ட்ரி’ வகைப் பாடலில், கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸின் ஒலி, கலவைப் பலகையின் ஒரு தடம் பழுதாகியிருந்ததால் உறுமலாகப் பதிவாயிற்று. அந்தப் பழுதை வேண்டுமென்றே செய்துகாட்டுவதற்காகப் பிறந்ததுதான் 1962-இன் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் பெடல். ஆனால் அந்த ஒலியை யாரும் ‘வார்ம்’ என்று சொல்ல மாட்டார்கள். நம் சொல் அதை உள்ளே விடக்கூடாது.

வால்வுக்குத் திரும்புகிறேன். 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி பெருக்கியில் 14 வால்வுகள், 300 வாட் ஆற்றல். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய அந்தப் பெட்டியை உரத்து வாசிக்கும்போது முகடுகள் தாமாகவே மெல்ல மழுங்கின. அத்தகைய வால்வு ஒலியைப் பையில் அடங்கும் அளவுக்குச் சுருக்கித் தருவதற்காகவே டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் போன்ற பெடல்கள் வந்தன. அவற்றில் வால்வு கிடையாது, சில்லுகளே அந்த வேலையைச் செய்கின்றன. கிட்டாருக்கென்று செய்த பெடலை அப்படியே பேஸுக்குப் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் என்ற கிட்டார் பெடல், மழுக்குவதற்கு முன்பே ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் படிப்படியாகக் குறைத்துவிடுவதால், பேஸின் அடிவயிறே காணாமல் போய்விடும். அதனால்தான் பேஸ் பெடல்களில் மழுங்காத ஒலியை உடன் கலக்கும் குமிழ் ஒன்று வைத்திருக்கிறார்கள். டிரைவ் பெடலுக்கு முன்னால் ஒரு கம்ப்ரெசரை வைத்தால், ஓங்கிக் கிள்ளியதும் மெல்லத் தொட்டதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் டிரைவுக்குள் போகும். மழுக்கலும் சீராக இருக்கும். கடைசியில், ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரால் 200 ஹெர்ட்ஸை ஒட்டிச் சிறிது ஏற்றி, 3,000-க்கு மேல் இறக்கினால் வேலை முடிந்தது.

இனி அந்த மூன்று சொற்கள்.

> தம்புராவில் நூல் வைத்து ஜீவன் ஏற்றுவதில்லையா? இதுவும் அதுதான்.

அம்மா, நெடுநேரம் என்னை யோசிக்க வைத்த பரிந்துரை இது. குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு நூலிழையை வைத்து ஒலியின் தன்மையையே மாற்றிவிடும் நம் பழக்கம், பெடலுக்கு மூத்த அக்காள் என்றே சொல்லலாம். ஆனால் அந்த நூல் எழுப்புவது உயர்ந்த மடங்குகளை. தம்புராவின் சுடரும் ரீங்காரமும் அவற்றால் வருபவை. நாம் பெயர் தேடும் ஒலியோ உயர்ந்த மடங்குகளைத் தணித்துத் தாழ்ந்த மடங்குகளைப் பெருக்குவது. ஒரே கதவு என்றாலும் திறப்பதும் சாத்துவதும் ஒன்றாகாது. ‘ஜீவன்’ என்பதைப் பிரகாசமான ஒலிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

‘கார்வை’ என்பது ஒலி நீண்டு நிற்பதைச் சொல்வது. அது இங்கே பொருந்தாது என்று காட்ட, அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோடவுன் இசைப்பதிவு நிறுவனத்தின் கூடத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஒருவரே போதும். அவருடைய ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் தட்டையான கம்பி சுற்றிய பழைய தந்திகள் இருந்தன. குதிரையின் மூடிக்கடியில் பஞ்சு இருந்தது. அந்தப் பஞ்சு தந்தியை நீண்டு ஒலிக்க விடாது. பெரும்பாலும் ஒற்றை விரலால் கிள்ளினார், கருவி நேரே கலவைப் பலகைக்குப் போயிற்று. கார்வை குறைவு, பெடல் அறவே இல்லை. ஆனாலும் ‘வார்ம்’ என்றால் இன்றும் பேஸ் வாசிப்போர் முதலில் நினைப்பது அந்த ஒலியைத்தான். இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. பெடலின் பெயரோடு சேர்த்து ஆக்கும் எந்தச் சொல்லும் நிலைக்காது. பெடல் ஒரு வழிதானே தவிர, பண்பு ஒலியினுடையது.

‘குழைவு’ எனக்கும் பிடித்த சொல். ஆனால் ஒரு சுவரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதையும், கமகத்தின் நெகிழ்வையும் சொல்ல அது ஏற்கெனவே வேண்டியிருக்கிறது. மெட்டுக்கம்பி இல்லாத பேஸ் வாசிப்பைப் பற்றி எழுதும்போது அதை இழந்துவிட்டுத் தவிப்போம்.

என் பரிந்துரை ‘கனிவு’.

இது நான் உட்கார்ந்து ஆக்கிய சொல் அன்று. எங்கள் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் ஒருவர், நான் முதன்முதலாக டிரைவ் பெடலைக் கொண்டுவந்து மிதித்த அன்று, காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே, “இப்போதுதான் கனிந்து வருகிறது, தம்பி” என்றார். அந்தச் சிறிய ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸைத் தர இயலாது. ஆனால் 82, 123, 164 என்ற மடங்குகள் வலுவாகக் கேட்டதால், காது அவற்றின் இடைவெளியிலிருந்து இல்லாத அடிச்சுவரத்தைத் தானே ஊகித்து நிரப்பிக்கொண்டது. பெடல் இல்லாதபோது அவருக்குத் தந்தியின் டக் டக் மட்டுமே கேட்டிருக்கும். அதை அவர் காய் என்று உணர்ந்திருக்க வேண்டும்.

கனிதல் என்ற வினை இருப்பதால் சொற்றொடர் இயல்பாக அமைகிறது. ‘உயர்பகுதியைத் தணித்தால் ஒலி கனியும்’, ‘புதுத் தந்தி கனிய நாளாகும்’, ‘கலக்கும் குமிழைப் பாதிவரை திருப்பினால் போதிய கனிவு கிடைக்கும்’ என்று எழுதிப் பார்த்தேன்; எங்கும் இடறவில்லை. ‘வெப்பத் தொனி’யை வைத்து இவற்றுள் ஒன்றைக்கூட எழுத முடியாது. கனிந்த குரல், கனிவான பேச்சு என்று ஒலியின் பக்கமாகவே இச்சொல் முன்பிருந்தே வழங்குவதும் வசதி.

கூடவே ஒரு குடும்பமும் வந்து சேர்கிறது. எந்தப் பெடலும் தொடாத, நேரே வரும் ஒலியைப் ‘பச்சை ஒலி’ எனலாம். டிரைவைத் தொட்டும் தொடாமலும் வைத்து, ஓங்கிக் கிள்ளும்போது மட்டும் மழுங்கும் நிலைக்குச் ‘செங்காய்ப் பதம்’ என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. தாழ்-நடுப்பகுதியை அளவுமீறி ஏற்றி, சுவரம் எது, மத்தளம் எது என்று பிரிக்க முடியாமல் கூழாகிப்போகும் ஒலிக்கு, ‘மடி’ (muddy, சேறு போன்றது) என்று ஒலிப்பொறியாளர்கள் ஆங்கிலத்தில் சொல்வதற்கு, ‘அளிவு’ என்பது என் எண்ணம். அளவுக்கு மேல் பழுத்துக் குழைந்த பழத்தை அளிந்த பழம் என்கிறோம். அளி என்பதற்குக் கருணை என்ற பொருளும் உண்டு, கனிவுக்கும் அதுவே உண்டு. பட்டியல் முழுவதும் கருணைமயமாகிறதே என்று யாராவது கேலி செய்தால் பொறுத்துக்கொள்கிறேன்.

எதிர்ச்சொல் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘மெலிந்த ஒலி’ என்று ஒரு மடலில் வந்திருந்தது. மெலிவு, சமன், வலிவு என்பவை மூன்று ஸ்தாயிகளுக்கும் நம் பழைய பெயர்கள். அவற்றுள் மெலிவு என்பது தாழ்ந்த ஸ்தாயி. பேஸ் கிட்டார் பெரும்பாலும் குடியிருப்பதே மெலிவில் என்னும்போது, ‘பேஸின் ஒலி மெலிந்துவிட்டது’ என்ற வாக்கியம் எதைச் சொல்கிறது என்று எழுதியவருக்கே ஐயம் வரும். ‘வறண்ட ஒலி’யும் கூடாது, எதிரொலி சேர்க்காத ஒலிக்கு அது வேண்டும். ‘காய்ப்பு’ என்று நானே ஒருமுறை எழுதி அடித்துவிட்டேன், அது பேஸ் வாசிப்போரின் விரல்நுனியில் இருப்பது.

பெடல் என்பதற்கு ‘ஒலிமிதி’ வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: மேடையில் எல்லாரும் பெடல் என்றுதான் சொல்கிறார்கள், சொல்வார்கள். ஒரு பொருளின் பெயர் ஊரோடு ஒட்டிவிட்டால் விட்டுவிடலாம். ஒலியின் பண்பைச் சொல்லும் சொற்களுக்குத்தான் நம் உழைப்பு தேவை, ஏனென்றால் அவை இல்லாதபோது வாசிப்பவனும் ஒலிப்பொறியாளனும் ‘கொஞ்சம் அப்படி வை, இல்லை இப்படி வை’ என்று கையசைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

‘கனிவு’, ‘பச்சை ஒலி’, ‘செங்காய்ப் பதம்’ ஆகிய மூன்றையும் பட்டியலில் சேர்க்க முன்மொழிகிறேன். ‘அளிவு’ மட்டும் ஐயத்தோடு நிற்கட்டும். அளிந்த பழம் என்ற வழக்கு எங்கள் பக்கத்தில் முதியவர்களிடம் இருக்கிறது. கொங்குப் பகுதியிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ளவர்கள் தங்கள் ஊரில் அது வழங்குகிறதா, வேறு சொல் உண்டா என்று எழுதினால், அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

அன்புடன்,
பாடகர் குழுவின் பேஸ்காரன்