அமெரிக்க சிம்ப்சன்ஸ் டிவிடிகள்: பிளேயர் ஏற்கவில்லை, ஏற்றாலும் படம் அகலமாகத் தெரிகிறது. உதவி தேவை

கேள்வி: நூல்கண்டு

வணக்கம். அண்ணன் அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிச் சேர்த்த, சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் டிவிடி பெட்டிகள் இப்போது கோவையில் என்னிடம் இருக்கின்றன. மூன்றாம் சீசன் முதல் எட்டாம் சீசன் வரை, எல்லாம் அசல் வட்டுகள், கீறல் இல்லை. விடுமுறையில் மகளோடு உட்கார்ந்து வரிசையாகப் பார்க்க ஆசை. ஆனால் ஒன்று சரியானால் இன்னொன்று இடறுகிறது.

எங்கள் பிளேயரில் போட்டால் ரீஜன் பொருந்தவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. மடிக்கணினியின் யூஎஸ்பி டிரைவில் ரீஜனை மாற்றலாம் என்று பார்த்தால், இன்னும் 4 தடவைதான் மாற்ற முடியும் என்று எச்சரிக்கை வருகிறது. பயந்து எதையும் அழுத்தவில்லை. விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் திறந்தபோது படம் ஓடியது, ஆனால் யாராவது நகரும்போது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி கோடுகள். தோழியின் பிளேயரை இரவல் வாங்கி டிவியில் மாட்டினேன். அது வட்டை ஏற்கிறது, கோடும் அவ்வளவாக இல்லை, ஆனால் தொடரின் அப்பா அம்மாவான ஹோமரும் மார்ஜும் பக்கவாட்டில் இழுபட்டுக் குட்டையாக இருக்கிறார்கள். இதற்கு நடுவில் சில எபிசோடுகளில் பாத்திரங்களின் குரல் அமுங்கி, நாலைந்து பேர் சிரித்துப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வட்டில் கோளாறா?

ஸ்ட்ரீமிங்கில் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது.

பதில்: நீலத்திரை

ரீஜன் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். டிவிடிக்கு நாடுகளை 6 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவும் கனடாவும் 1, இந்தியா 5. பெட்டியின் பின்பக்கம் சிறிய உலக உருண்டைப் படத்துக்குள் 1 என்று அச்சடித்திருக்கும், பாருங்கள். உங்கள் பிளேயர் 5-க்குப் பூட்டியது, தோழியின் பிளேயர் எல்லா மண்டலத்தையும் ஏற்பது. பல பிளேயர்களில் தட்டைத் திறந்துவைத்து ரிமோட்டில் ஒரு எண் வரிசையை அழுத்தினால் பூட்டு விலகும். வரிசை மாடலுக்கு மாடல் வேறு, அதனால் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

கணினி டிரைவ் விஷயத்தில் நீங்கள் நிறுத்தியது சரி. மொத்தம் 5 முறைதான் மாற்ற விடும், கடைசியில் எந்த எண்ணில் நிற்கிறதோ அதிலேயே நின்றுவிடும். எண்ணிக்கை டிரைவுக்குள்ளேயே எழுதப்படுவதால் விண்டோஸை மறுபடி நிறுவினாலும் அழியாது. இந்தப் பெட்டிகளுக்காகவே அந்த டிரைவ் என்றால் ஒரே முறை 1 என்று மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு உள்ளூர் வட்டு, அமெரிக்க வட்டு என்று மாற்றி மாற்றிப் போட வேண்டாம்.

பதில்: வட்டுப்பெட்டி

நூல்கண்டு, உங்கள் வட்டுகளில் ஒரு குறையும் இல்லை.

குரல் அமுங்குவது உரையாடல் ஆடியோ, அதாவது தொடரை உருவாக்கியவர்கள் எபிசோடைப் பற்றிப் பேசிப் பதிவு செய்த கமென்டரி. ரிமோட்டில் ஆடியோ பொத்தானை ஒவ்வொரு முறையாக அழுத்திக்கொண்டே போனால் மூலக் குரல் வந்துவிடும். ஆனால் அதை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள், பிறகு சொல்கிறேன்.

படம் அகலமாகத் தெரிவதுதான் முக்கியமான விஷயம். சிம்ப்சன்ஸ் 1989 டிசம்பரில் தொடங்கியபோது டிவி 4:3 வடிவம், அதாவது அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு. ஒளிபரப்பு 16:9-க்கு மாறியது 2009 பிப்ரவரியில், இருபதாம் சீசனின் நடுவில். அதுவரை வந்த எபிசோடு எல்லாமே 4:3 சட்டத்துக்கு வரைந்தவை, உங்களிடம் இருக்கும் ஆறு சீசனும் சேர்த்து. அதைப் 16:9 திரை முழுக்க இழுத்தால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகும். ஹோமரின் தலை உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவில் தெரிந்தால் இழுபடுகிறது என்று அர்த்தம்.

முதலில் டிவி ரிமோட்டில் படத்தின் அளவு அல்லது பிக்சர் சைஸ் என்ற இடத்தில் 4:3 வையுங்கள். அந்தத் தேர்வே மங்கலாக இருந்தால், எச்டிஎம்ஐ வழியாகப் பிளேயரே இழுத்து அனுப்புகிறது. அப்போது பிளேயரின் செட்டப் மெனுவில் டிவி டைப் என்பதற்குள் போங்கள். வெறும் 16:9 என்று இருப்பதை விட்டுவிட்டு, வைட் ஸ்குவீஸ் அல்லது பில்லர்பாக்ஸ் என்ற பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சில பிளேயர்களில் அந்தத் தேர்வு, வட்டு ஓடாமல் நிறுத்தியிருக்கும்போதுதான் மாறும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் சரியாகிவிட்டது.

பதில்: ராமநாதபுரத்தான்

எதற்கு இவ்வளவு சுற்று? டிவியில் ஜூம் வையுங்கள், முகமும் இழுபடாது, திரையும் நிறையும். பெரிய டிவி வாங்கிப் பாதியைக் கறுப்பாக வைத்துப் பார்க்க யாருக்கும் மனசு வராது.

பதில்: வட்டுப்பெட்டி

அண்ணே, கறுப்பாகப் போவது பாதி இல்லை, கால் பங்கு. ஜூம் வைத்தால் அதே கால் பங்கு படத்தின் உயரத்தில் இருந்து போகிறது. எதையும் இழக்காமல் பட்டை வைப்பதா, வரைந்ததை வெட்டுவதா என்பதுதான் கேள்வி.

இந்தத் தொடரில் நகைச்சுவை பாதி வசனத்தில் இருக்கும், மீதி சட்டத்தின் ஓரங்களில் இருக்கும். கடைப் பலகைகள், சுவரில் ஒட்டிய அறிவிப்புகள், பின்னால் போகிறவர் செய்யும் காரியம் எல்லாம் மேலும் கீழும் ஒதுங்கி நிற்கும். நான்காம் சீசனில் ‘டஃப்லெஸ்’ என்ற எபிசோடு, 1993-இல் வந்தது. ஹோமரும் அவன் நண்பன் பார்னியும் டஃப் பீர் ஆலையைச் சுற்றிப் பார்ப்பார்கள். டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று பெரிய தொட்டிகள். நிமிர்ந்து மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாயில் இருந்துதான் பீர் வருகிறது. பெயர் மூன்று, சரக்கு ஒன்று. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அந்தக் குழாய்தான் சொல்கிறது. மேல்பகுதியை வெட்டினால் குழாய் போய்விடும், வெறும் மூன்று தொட்டி நிற்கும்.

2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் என்ற ஸ்ட்ரீமிங் சேவை தொடங்கியபோது பழைய சீசன்களை இப்படித்தான் 16:9-க்கு வெட்டிப் போட்டார்கள். அந்தக் குழாய் காட்சியை எடுத்து வைத்துக்கொண்டே ரசிகர்கள் முறையிட்டார்கள். 2020 மே மாதம் 4:3 வடிவத்தையும் கொண்டுவந்தார்கள். ஸ்ட்ரீமிங்கில் பார்ப்பவர்கள் தொடரின் விவரப் பக்கத்தில் ரீமாஸ்டர்ட் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்ற சுவிட்ச் இருந்தால் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு நிறுவனமே மனம் மாறி வெட்டாத படத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கும்போது, வெட்டாத வட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாமே ஜூம் வைத்து வெட்டக் கூடாது.

கேட்டவர்: நூல்கண்டு

மிக்க நன்றி. வைட் ஸ்குவீஸ் வைத்ததும் முகங்கள் உருண்டையாகிவிட்டன. டஃப்லெஸ் போட்டுப் பார்த்தோம், குழாயை மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். தோழியின் பிளேயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதனால் இனி மடிக்கணினியில்தான் பார்ப்போம். அந்தக் கோடுகளுக்கு வழி இருக்கிறதா? அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் மின்னி மறைவதையும் கவனித்தேன்.

பதில்: வட்டுப்பெட்டி

புள்ளிகளை விட்டுவிடுங்கள். அந்தச் சீசன்கள் எல்லாம் கையால் வரைந்து, செல்லுலாய்டு தாளில் வண்ணம் தீட்டி, ஃபிலிமில் படம் பிடித்தவை. படம் பிடிக்கும்போது தாளில் இருந்த தூசி, ஃபிலிமில் ஒட்டிய அழுக்கு அப்படியே பதிவாகியிருக்கும். ஏழாம் சீசனில் ‘ரேடியோஆக்டிவ் மேன்’ என்ற எபிசோடை மட்டும் கணினியில் வண்ணம் தீட்டிப் பார்த்தார்கள். அதையும் அடுத்த எபிசோடையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வண்ணம் எவ்வளவு சமமாக இருக்கிறது என்று தெரியும். முழுக்கக் கணினிக்கு மாறியது 2002-இன் கடைசியில்தான். எனக்கு அந்தத் தூசி பிடிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்பதற்கு அது சாட்சி.

வட்டுக் கோளாறு என்றால் வேறு மாதிரி இருக்கும். படம் சதுரம் சதுரமாக உடையும், அல்லது உறையும். அப்போது மெல்லிய துணியால் நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது.

கோடுகளைப் பற்றி நீலத்திரை நன்றாகச் சொல்வார்.

பதில்: நீலத்திரை

ஃபிலிமில் நொடிக்கு 24 படம். அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் நொடிக்கு ஏறக்குறைய 30 படம், ஒவ்வொன்றும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு பாதியாக வரும். ஆக 60 பாதி. 24-ஐ 60-இல் அடைக்க, ஒரு ஃபிலிம் படத்துக்கு 2 பாதி, அடுத்ததற்கு 3 பாதி என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். இதனால் ஐந்து டிவி படத்தில் இரண்டு, வெவ்வேறு ஃபிலிம் படங்களின் பாதிகள் கலந்த படமாக அமைந்துவிடும். பழைய குழாய் டிவியில் இது தெரியாது, பாதிகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அது காட்டும். இப்போதைய திரை இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுவதால் கோடு தெரிகிறது. நல்ல பிளேயர் அதைத் தானே பிரித்துவிடும். தோழியின் பிளேயரில் குறைவாகத் தெரிந்தது அதனால்தான்.

விஎல்சியில் வீடியோ மெனுவைத் திறந்து டிஇன்டர்லேஸ் என்பதை ஆன் செய்யுங்கள். அதற்குக் கீழே உள்ள முறைகளில் முதலில் ஃபிலிம் என்டிஎஸ்சி என்பதை முயன்று பாருங்கள். அது கலந்த பாதிகளைப் பிரித்துப் பழைய 24 படத்தை மறுபடி சேர்க்கும். அந்தக் காலத் தொடர்கள் பலவற்றை ஃபிலிமில் இருந்து டேப்புக்கு மாற்றிய பிறகு எடிட் செய்தார்கள். வெட்டு விழும் இடத்தில் 2-3 வரிசை முறிந்துவிடும், அங்கே ஒரு கணம் கோடு எட்டிப் பார்க்கலாம். அது உறுத்தினால் யாடிஃப் 2எக்ஸ் முறைக்கு மாறுங்கள். கொஞ்சம் மென்மை குறையும், கோடு வராது.

பதில்: வட்டுப்பெட்டி

இப்போது உரையாடல் ஆடியோவும், வீட்டில் கேட்ட கேள்வியும். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

உங்களிடம் இருக்கும் பெட்டிகளில் ஒவ்வொரு எபிசோடுக்கும் அதை உருவாக்கியவர்கள் கூடி உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். மூன்று, நான்காம் சீசன்களை நடத்திய ஆல் ஜீன், மைக் ரீஸ், அடுத்த இரண்டை நடத்திய டேவிட் மிர்கின், ஏழு எட்டை நடத்திய பில் ஓக்லி, ஜாஷ் வெய்ன்ஸ்டீன், பல இடங்களில் தொடரைப் படைத்த மேட் குரோனிங்கே வருவார். எந்த வசனம் எப்படி வந்தது, எந்தக் காட்சியைச் சானல் தணிக்கையாளர்கள் எதிர்த்தார்கள், ஒரு முகபாவத்துக்கு ஓவியர் எவ்வளவு மெனக்கெட்டார் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. எபிசோடை முதலில் மூலக் குரலில் பாருங்கள், அடுத்த நாள் இந்தக் குரல்களோடு பாருங்கள். நான்காம் சீசனில் கோனன் ஓ’பிரையன் எழுதிய மோனோரயில் எபிசோடில் தொடங்கலாம்.

இன்னொன்று. மூன்றாம் சீசனின் முதல் எபிசோடு ‘ஸ்டார்க் ரேவிங் டாட்’, 1991-இல் வந்தது, மைக்கேல் ஜாக்சன் குரல் கொடுத்தது. 2019-இல் அவர் மீதான குற்றச்சாட்டுகள் ஆவணப்படமாக வெளிவந்ததும் தயாரிப்பாளர்கள் அதை விலக்கிக்கொண்டார்கள், டிஸ்னி பிளஸ்ஸில் அது இல்லை. உங்கள் வட்டில் இருக்கிறது. பார்ப்பதும் விடுவதும், மகளுக்கு எப்போது என்ன சொல்வதும் உங்கள் விருப்பம். அந்த முடிவை வேறு யாரும் உங்களுக்காக எடுக்க முடியாது என்பதற்காகவாவது பெட்டிகளைப் பத்திரமாக வையுங்கள்.

கேட்டவர்: நூல்கண்டு

ஃபிலிம் என்டிஎஸ்சி போட்டதும் கோடு போய்விட்டது. டிரைவை 1-க்கு மாற்றிவிட்டேன். மோனோரயிலை இரண்டு விதமாகவும் பார்த்தோம், வீட்டில் இப்போது யாரும் ஸ்ட்ரீமிங் பேச்சை எடுப்பதில்லை. வசனம் வேகமாக ஓடுவதால் மகளுக்கு ஆங்கில எழுத்து வேண்டுமாம். பெட்டியில் சிசி என்று ஒரு குறி இருக்கிறது, தோழியின் பிளேயரில் வரவே இல்லை.

பதில்: நீலத்திரை

சிசி என்பது பழைய அமெரிக்க டிவிகள் தாமே பிரித்துக் காட்டிய எழுத்து. எச்டிஎம்ஐ கம்பி அதைக் கடத்தாது. மடிக்கணினியில் விஎல்சியின் சப்டைட்டில் மெனுவில் சப் டிராக் என்பதைத் திறந்தால் க்ளோஸ்டு கேப்ஷன்ஸ் 1 என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். எபிசோடு ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பெயர் பட்டியலில் வரும், மெனு திரையில் தேடினால் கிடைக்காது.