அப்பாவின் டிஎன்ஏ அறிக்கை: இதய மாத்திரை வேலை செய்யாதாம். நிறுத்தலாமா?

கொளப்பள்ளிக் கணக்கன் கேட்டது:

வணக்கம். பந்தலூர் தாலுகா கொளப்பள்ளியிலிருந்து எழுதுகிறேன். வயது 51. தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை எடைக்கணக்கு எழுதுகிறேன். உயிரியல் பத்தாம் வகுப்போடு முடிந்துபோனது. விளக்குகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 78. நான்கு மாதங்களுக்கு முன் நெஞ்சுவலி வந்து கோவையில் இதய இரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற கம்பிவலை வைத்தார்கள். அன்று முதல், இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் தினமும் சாப்பிடுகிறார். வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோல், அது இங்கே கடையில் நானாக வாங்கிக் கொடுப்பது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் தீபாவளிக்கு வந்தபோது, பட்டாசுக்குப் பதிலாக இரண்டு டிஎன்ஏ சோதனைப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். தாத்தாவின் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். அப்பா 1973-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இங்கே அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் வேலைக்குச் சேர்ந்தவர். அதற்கு முன் எந்த ஊர் என்று கேட்டால் "திருச்சி ஜில்லா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

குழாயில் கோடு வரைக்கும் எச்சில் துப்ப வேண்டும், இரண்டு மில்லி. அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே வாயில் எதுவும் போடக் கூடாது. அப்பா தலையாட்டினார். சந்தேகப்பட்டு மகன் வாயைத் திறக்கச் சொன்னால் கன்னத்தில் பாக்கு. வாயைக் கொப்பளிக்க வைத்து மறுபடி அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு எச்சிலே ஊறவில்லை. அம்மா ஒரு புளியம்பழத்தை உரித்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் குழாய் நிரம்பியது.

ஆறு வாரம் கழித்து அறிக்கை வந்தது. எனக்கு வழுக்கை விழும் வாய்ப்புக் குறைவாம்; இதைப் படிக்கும்போது என் மண்டையில் டியூப்லைட் பளபளத்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு வாய்ப்பு அதிகமாம். இந்த வயதிலும் சீப்பை உடைக்கிற முடி அவருக்கு. அப்பாவின் பெற்றோர் நெருங்கிய உறவினராக இருக்கலாம் என்றும் ஒரு குறிப்பு. எங்கள் பக்கம் யார்தான் உறவில்லை? என் அம்மாவே அப்பாவுக்குச் சொந்த அத்தை மகள்தான். பூர்வீகப் பக்கத்தில் "தென்னிந்தியா–இலங்கை, 97 விழுக்காடு" என்று போட்டிருக்கிறது. இதற்கு ஏன் காசு? எங்கள் பழைய பாஸ்போர்ட்டே சொல்லும்.

சிரித்துக்கொண்டே புரட்டினால் 41-ஆம் பக்கத்தில், சிஒய்பி2சி19 என்ற மரபணுவில் அப்பாவுக்கு இரண்டு பிரதிகளும் "நட்சத்திரம் 2", குளோபிடோகிரெல் சரியாக வேலை செய்யாது என்று சிவப்பில் அச்சாகியிருக்கிறது. மகன் அதை உரக்கப் படித்ததுதான் வினை. "வேலை செய்யாத ஆளுக்கு எதற்குச் சம்பளம்?" என்று கேட்டுவிட்டு அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். இன்றோடு இரண்டு நாள். கோவைக்குப் போய்வர ஒரு முழு நாள் ஆகும். அவர் சொல்வது சரிதானா? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் மருந்துக்கடைக்காரர்:

முதலில் கோவை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசுங்கள். இரண்டு நாள் விட்டுப்போனதை மறைக்காதீர்கள். இன்றைய மாத்திரை இன்றே உள்ளே போகட்டும்; விட்டதையும் சேர்த்து விழுங்க வைக்க வேண்டாம். பேசி முடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம்தான் ஆகிறது. இந்த நேரத்தில் திடீரென நிறுத்தினால் அந்தக் கம்பிவலைக்குள்ளேயே இரத்தம் உறைந்துவிடலாம். குறைவாக வேலை செய்கிற மாத்திரையாகவே இருந்தாலும், வேறொன்றை மருத்துவர் கையில் கொடுக்கும்வரை அதை விடக் கூடாது.

இனி உங்கள் பாஷையில் சொல்கிறேன். குளோபிடோகிரெல் விழுங்கும்போது பச்சை இலை. அப்படியே கொதிக்க வைத்தால் டீ ஆகாது அல்லவா? கல்லீரல்தான் தொழிற்சாலை. சிஒய்பி2சி19 அதிலுள்ள முக்கியமான இயந்திரம். அம்மா வழியில் ஒரு பிரதி, அப்பா வழியில் ஒரு பிரதி என்று ஆளுக்கு இரண்டு. நட்சத்திரம் 2 என்றால் அந்தப் பிரதி ஓடாது. இரண்டுமே ஓடாவிட்டால் இலை பெரும்பாலும் இலையாகவே வெளியே போகும். இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2010-இலேயே இந்த மாத்திரையின் விவரத்தாளில் கட்டம் கட்டி எச்சரித்தது. நம் நாட்டில் இந்த மாற்றம் அரிதும் அல்ல.

ஆனால் வீட்டுக்கு வரும் பெட்டியின் முடிவை வைத்து மருந்தை மாற்ற மாட்டார்கள். மருத்துவமனை வழியாக இரத்தம் எடுத்து உறுதி செய்வார்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன. பிராசுக்ரெலை 75 வயது தாண்டியவர்களுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். டிகாக்ரிலோர் உண்டு, அதில் இரத்தக் கசிவு கூடலாம். எதை எடுப்பது என்பதை அவரைப் பார்த்தவர் தீர்மானிக்கட்டும்.

என்னை உறுத்துவது அந்த ஒமிப்ரசோல். அது அதே இயந்திரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு ஓட விடாமல் தடுக்கும். பான்டோபிரசோலுக்கு அந்தக் குணம் குறைவு. நீங்களாகக் கடையில் வாங்குவதால் மருத்துவருக்கு இது தெரிந்தே இருக்காது. 64 பக்க அறிக்கையைக் காட்டுவதற்கு முன் இதைச் சொல்லுங்கள்.

கூடலூர் ஆய்வக ஓய்வூதியர்:

தம்பி, மருந்துக்கடை அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். எனக்கு வேறொரு சந்தேகம்.

நான் அரிவாள் செல் என்ற பரம்பரை இரத்த நோய்க்கான சோதனையில் பல வருடம் கழித்தவன். அந்த நோய் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல். அந்த வேலையில் நான் கற்றது: இயந்திரம் செய்கிற தவறைவிட, சீட்டு ஒட்டுகிறவன் செய்கிற தவறு அதிகம்.

உறவுக் கல்யாணத்தில் பிறந்தவருக்கு, இரண்டு பக்கமிருந்தும் ஒரே மாதிரியான டிஎன்ஏ துண்டுகள் நீளநீளமாக வந்து சேர்ந்திருக்கும். அத்தை மகளும் மாமன் மகனும் தங்கள் டிஎன்ஏவில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். அந்தக் குறிப்பு அவர்களுடைய பிள்ளையின் அறிக்கையில், அதாவது உங்கள் அறிக்கையில் வந்திருக்க வேண்டும். அப்பாவின் அறிக்கையில் ஏன் வந்தது? உங்கள் தாத்தாவும் பாட்டியும் உறவா என்று கேட்டுப் பாருங்கள். வழுக்கைக் கணிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் உங்கள் தலையும் அவர் தலையும் இடம் மாறியல்லவா நிற்கின்றன?

பெட்டிகளின் பார்கோடுகளைப் பதிவு செய்தது யார்?

கோத்தகிரி ஹட்டன் பேரன்:

நானும் சிலோன் வழிதான் அண்ணா. ஊர் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அந்த 97 விழுக்காடு, நிறுவனத்தின் கையிலிருக்கும் இன்றைய மனிதர்களின் மாதிரிகளோடு உங்களை ஒப்பிட்டுச் சொன்ன சாயல். தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணி நம் முப்பாட்டனை எந்த ஊரிலிருந்து கூட்டிப் போனார் என்பது அதில் வராது. மாவட்டம்கூட வராது. இன்னும் எத்தனை குழாய் துப்பினாலும் இவ்வளவுதான்.

சிலோனிலிருந்து திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டையைத் தேடுங்கள். எங்களுடையதில் சொந்த ஊர் எழுதியிருந்தது, எழுத்துப் பிழையோடு. அதைவிட முக்கியம், உங்கள் குலதெய்வம் எது?

ஊட்டி வாசகி:

மரபணு விவரத்தை ஒப்படைத்த நிறுவனம் நாளைக்கு யார் கையில் இருக்கும் என்று யாராவது யோசித்தீர்களா? இந்தத் தொழிலில் பெரிய பெயரான 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. அதற்கு முன் 2023-இல் அதன் வாடிக்கையாளர்களில் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். எச்சிலை எப்படி மாற்றுவது? அதிலும் உங்கள் எச்சில் உங்கள் தம்பி தங்கைகளைப் பற்றியும் பேசும். அவர்களிடம் யார் கேட்டார்கள்? அறிக்கையை இறக்கி வைத்துக்கொண்டு, கணக்கையும் மாதிரியையும் அழிக்கச் சொல்லி எழுதுங்கள்.

கொளப்பள்ளிக் கணக்கன் (மூன்று வாரம் கழித்து):

அன்றே கோவைக்குப் பேசி, அன்றே மாத்திரையைக் கொடுத்துவிட்டோம். "முதலாளி சொல்கிறார்" என்று மருந்துக்கடை அண்ணனின் பதிவை வாசித்துக் காட்டியதும் அப்பா விழுங்கினார்.

கூடலூர் ஐயாவுக்கு என்ன சொல்வது? பாட்டி வேறு தோட்டத்துப் பெண்ணாம்; தாத்தாவுக்குச் சொந்தமே இல்லையாம். அந்நியத்தில் கல்யாணம் செய்ததற்காகத் தாத்தாவின் வீட்டில் இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்களாம். இந்தக் கதையை 51 வருடத்தில் இப்போதுதான் கேட்கிறேன். பார்கோடுகளைப் பதிவு செய்தது நான். குழாய்களை மாற்றியதும் நான். இருபத்தாறு வருடமாக எடைச்சீட்டில் ஒரு பெயரைக்கூட மாற்றி எழுதாதவன் என்று பெயர் வாங்கியவன். இதை இங்கே தவிர வேறெங்கும் எழுத மாட்டேன்.

கோவையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அப்பாவுக்கு ஒரு பிரதிதான் நட்சத்திரம் 2. அவருடைய வயதையும் இரத்தக் கசிவு அபாயத்தையும் யோசித்த மருத்துவர், அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். ஒமிப்ரசோலை உடனே நிறுத்தி, வேறு எழுதிக் கொடுத்தார். இரண்டு பிரதியும் ஓடாதவன் நான்தான் போலிருக்கிறது. எனக்கும் இரத்தம் கொடுத்திருக்கிறேன். முடிவு வந்ததும் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வீடு திரும்பியதும் அப்பாவிடம் விவரத்தைச் சொன்னேன். "அப்படியென்றால் வேலை செய்யாத ஆள் நீதானா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

ஊட்டி சகோதரிக்கு: மகன் அழிக்கச் சொல்லி எழுதிவிட்டான். பதில் வரவில்லை.

கோத்தகிரித் தம்பிக்கு: குடும்ப அட்டை டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. ஊர் பெயரில் முன்பாதியை எலி தின்றுவிட்டது. "பாளையம்" மட்டும் மிச்சம். திருச்சி ஜில்லாவில் பாளையத்துக்கா பஞ்சம்? குலதெய்வம் பெரியண்ணசாமி. அப்பா தும்மினால்கூட அந்தப் பெயர்தான் வாயில் வரும். எந்தக் கோயில் என்று தெரியாமலே கும்பிட்டு வந்திருக்கிறோம்.

கோத்தகிரி ஹட்டன் பேரன்:

அண்ணா, அது கொல்லிமலை மாசி பெரியண்ணசாமியாக இருக்கலாம்! துறையூர், முசிறி, நாமக்கல் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு அவர்தான் குலதெய்வம். மாசியில் போங்கள். கும்பிட வருகிறவர்களிடம் "எந்தப் பாளையம்?" என்று கேட்டுக்கொண்டே நில்லுங்கள். உங்கள் அப்பா வகையறா பெயரைச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

கொளப்பள்ளிக் கணக்கன்:

போகத்தான் வேண்டும். நாமக்கல் பக்கப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்கிறார்கள். ஸ்டென்ட் வைத்தவரை அதில் கூட்டிப் போகலாமா, துறையூர் பக்கம் சுற்றிப் போவது நல்லதா? போய்வந்தவர்கள் யாராவது எழுதுங்கள். மருத்துவரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.