ஜனவரியில் ஆர்லாண்டோ போக வேண்டும்; இரண்டு அட்டைகளில் என் பெயர் இரண்டு விதமாக இருக்கிறது

பீளமேட்டுக்காரி (நவம்பர் 9)

வணக்கம். நியூ ஜெர்சியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பதினான்கு வயதில் கோவையிலிருந்து குடும்பத்தோடு வந்தேன். எங்கள் எல்லோரிடமும் கிரீன் கார்டு இருக்கிறது, குடியுரிமை இன்னும் இல்லை. புளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கம் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு, கல்லூரி மாணவர்கள் சில மாதம் தங்கிச் சம்பளத்துக்கு வேலை செய்ய டிஸ்னி காலேஜ் புரோகிராம் என்று ஒரு திட்டம் நடத்துகிறது; அதற்கு விண்ணப்பித்திருந்தேன், கிடைத்துவிட்டது. ஜனவரி மூன்றாம் வாரம் அங்கே இருக்க வேண்டும். விரைவு உணவுக் கவுண்டரில் வேலை. இதற்கு முன் எங்குமே சம்பளத்துக்கு வேலை செய்ததில்லை.

நேற்று ஆவணங்களை ஒரு கவரில் போட்டு வைக்கும்போதுதான் கவனித்தேன். கிரீன் கார்டிலும் பாஸ்போர்ட்டிலும் என் பெயரில் உள்ள ழகரத்துக்கு இசட், எச் இரண்டு எழுத்தும் இருக்கின்றன. வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் எண் உள்ள சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் வெறும் எல். வந்த புதிதில் அப்பா நிரப்பிய படிவம் அது. கேட்டால், "இங்கே இருப்பவர்கள் வாயில் நுழையட்டும் என்று எழுதினேன்" என்கிறார். ஆறு வருடமாக யாரும் இதைக் கேட்டதில்லை. இப்போது இதனால் வேலை போய்விடுமா?

இன்னும் சில கேள்விகள். வீட்டில் உள்ள பழைய காரை எடுத்துப் போகலாம் என்கிறார் அப்பா. மாட்டிறைச்சியைத் தொட வேண்டியிருக்குமா என்று அம்மா தினமும் கேட்கிறாள். என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பெட்டி நிறையத் துணி மட்டும் அடுக்கியிருக்கிறேன்.

காகிதப்புலி

துணியை விடுங்கள், அது அங்கேயும் கிடைக்கும். முதலில் அட்டை.

வேலையில் சேர்ந்து மூன்று வேலை நாட்களுக்குள், இங்கே வேலை செய்ய உரிமை உண்டு என்று காட்டும் ஐ-9 படிவத்துக்கான அசல் ஆவணத்தைக் காட்ட வேண்டும். அதற்கு உங்கள் கிரீன் கார்டு ஒன்றே போதும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் காட்டு என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இதை நம்பிப் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. புளோரிடாவில் 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் தனியார் முதலாளிகள், புதிதாகச் சேருபவர்களை இ-வெரிஃபை முறையில் சரிபார்த்தாக வேண்டும். 2023 ஜூலை 1 முதல் இதுதான் அங்கே சட்டம். அந்த முறை உங்கள் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் மூன்றையும் அரசுப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எண்ணுக்கு எதிரே வேறு எழுத்தில் பெயர் இருந்தால் 'பொருந்தவில்லை' என்று திரும்பி வர வாய்ப்பு உண்டு.

வந்தாலும் உடனே வேலை போகாது. அதை எதிர்த்து உரிய அலுவலகத்தை அணுக எட்டு அரசு வேலை நாட்கள் தருவார்கள். அதுவரை முதலாளி உங்களை நீக்கக் கூடாது. ஆனால் புது ஊரில், காரில்லாமல், வேலை நேரத்துக்கு நடுவே அரசு அலுவலகம் தேடி அலைவதற்கு, இப்போதே வீட்டிலிருந்து போய்த் திருத்திவிடுவது எவ்வளவோ மேல். முன்பதிவு செய்துகொண்டு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போங்கள். எஸ்எஸ்-5 என்ற அட்டை விண்ணப்பப் படிவம், கிரீன் கார்டு, பாஸ்போர்ட் மூன்றும் அசலாக வேண்டும். கட்டணம் இல்லை. எண் மாறாது, பெயர் மட்டும் மாறிப் புது அட்டை தபாலில் வரும். இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் விடுமுறைக் கூட்டத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. குடியுரிமை இல்லாதவர்கள் முகவரி மாறினால் பத்து நாட்களுக்குள் ஏஆர்-11 படிவம் கொடுக்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம், ஐந்து நிமிட வேலை. கிரீன் கார்டுக்காரர்கள் பாதிப் பேருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

ஈரமிளகாய்

தங்கை, வாழ்த்து. நான் 2022இல் அதே திட்டத்தில், அதே உணவுக் கவுண்டரில் இருந்தேன். காகிதப்புலி சொன்னதைச் செய். எழுத்துப்பிழைக்காக முதல் வாரம் முழுக்க அலைந்த ஒருத்தி எங்கள் அறையிலேயே இருந்தாள்.

நீ தங்கப்போவது ஃபிளமிங்கோ கிராசிங்ஸ் வில்லேஜாக இருக்கும். 2021இல் திறந்தது. பழைய ஆட்கள் வீடியோக்களில் சொல்லும் விஸ்டா வே, சாத்தம் ஸ்கொயர் எல்லாம் இப்போது மாணவர் விடுதி அல்ல. அந்த வீடியோக்களைப் பார்த்துப் பொருள் வாங்காதே. கட்டில், மேசை, சோபா இருக்கும், துணி துவைக்கும் இயந்திரம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். படுக்கை விரிப்பு, தலையணை உன் பொறுப்பு. கட்டில் அளவை விடுதிக் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்கு. தட்டு, பாத்திரத்தை நாலு பேரும் தனித்தனியாக வாங்காமல் முன்பே பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நான்கு தோசைக்கல்... இல்லை, அவர்கள் மொழியில் பான்கேக் சட்டி... நான்கு இருந்தன, கரண்டி ஒன்றுகூட இல்லை.

வாடகையை ஒவ்வொரு வாரமும் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். சம்பளமும் வாரம் ஒருமுறை. ஆனால் முதல் சம்பளம் வரும் வரை மளிகைக்கும் செருப்புக்கும் கைக்காசுதான். செருப்பு என்று ஏன் சொல்கிறேன் என்றால், சீருடையை அவர்களே தருவார்கள், காலணி உன்னுடையது. உணவுப் பிரிவுக்குக் கறுப்பு நிறத்தில், வழுக்காத அடிப்பாகம் உள்ள மூடிய ஷூ வேண்டும். எண்ணெய் சிந்திய தரையில் எட்டு மணி நேரம் நிற்கப்போகிறாய். இதில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதே. இப்போதே வாங்கி வீட்டுக்குள் நடந்து பழக்கு. புது ஷூவோடு முதல் நாள் போனவர்கள் எல்லோரும் இரவில் பிளாஸ்டர் தேடினார்கள்.

அம்மாவிடம் பொய் சொல்லாதே. பர்கர் விற்கும் கடையில் போட்டால் மாட்டிறைச்சி இருக்கும். கையுறை உண்டு, ஆனாலும் கை அதன் மேல்தான். எந்தக் கடையில் போடுவார்கள் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. நான் சைவம் என்று பயிற்றுநரிடம் முதல் நாளே சொன்னேன். பெரும்பாலும் கல்லாவில் நிறுத்தினார்கள். அது அவருடைய நல்ல மனசு, என் உரிமை இல்லை. உன்னால் முடியவே முடியாது என்றால் புறப்படுவதற்கு முன் ஆட்சேர்ப்புப் பிரிவுக்கு எழுதிக் கேள். அங்கே போய் அழுவதைவிட அது நல்லது.

ரைஸ் குக்கர் எடுத்துக்கொள். கடுகு தாளிக்காதே. தாளிப்பதானால் புகைபோக்கி விசிறியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, எண்ணெயைக் கருகவிடாமல் தாளி. என் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஒரு மிளகாய் வற்றலுக்காகப் புகை எச்சரிக்கை மணி அலறியது. இரவுப் பணி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் போர்வையோடு வெளியே வந்து நின்றார்கள். இந்தப் பெயர் எனக்கு அன்று வந்ததுதான்.

எடிசன் மாமா

கண்ணு, பெட்டியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் கணக்கைச் சொல்கிறேன்.

புளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது. சம்பளச் சீட்டில் மத்திய வரியும், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் சேர்த்து 7.65 சதவீதமும்தான் பிடித்திருக்கும். மாநில வரி தப்பித்தது என்று நினைத்துச் செலவழித்துவிடாதே. உன் வீடு நியூ ஜெர்சியில்தான், தற்காலிகமாகத்தான் போகிறாய். அதனால் நீ இந்த மாநிலக் குடியிருப்பாளராகவே இருப்பாய். எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். ஆண்டு வருமானம் 10,000 டாலரைத் தாண்டினால் நியூ ஜெர்சிப் படிவம் கட்டாயம். அங்கே ஒரு காசும் பிடித்திருக்கமாட்டார்கள், ஆகவே அடுத்த ஏப்ரலில் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். என் தங்கை மகன் இப்படித்தான் ஒரு வருடம் விழித்தான்.

கல்விக் கடன் இருக்கிறதா? இருந்தால் கல்லூரியில் எழுத்தில் கேட்டுக்கொள். அந்தப் பருவத்தில் பாதி நேர மாணவி என்ற அளவுக்குக் கீழே பதிவு குறைந்தால், மத்திய அரசுக் கடனைத் திருப்பிக் கட்டுவதற்கு முன் தரும் ஆறு மாத அவகாசம் ஓடத் தொடங்கிவிடும். வேலைக்கே பாடமதிப்பு தருகிறார்களா, விடுப்பு என்று போடுகிறார்களா, இதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

உன் மருத்துவக் காப்பீடு அப்பாவுடையதாக இருக்கும், 26 வயது வரை அதில் இருக்கலாம். ஆனால் அது நியூ ஜெர்சி மருத்துவர்களோடு மட்டும் ஒப்பந்தம் உள்ள திட்டமா என்று பார்க்கச் சொல். அப்படியானால் அங்கே அவசர சிகிச்சை தவிர மற்றதற்குப் பணம் உன்னுடையது.

கார்: ஆயிரம் மைலுக்கு மேல். தனியாக ஓட்டாதே. வர்ஜீனியாவில் லார்ட்டன் என்ற ஊரில் ஆம்ட்ராக்கின் ஆட்டோ டிரெயினில் காரை ஏற்றினால், அடுத்த நாள் காலை புளோரிடாவில் சான்ஃபோர்டில் இறக்கலாம். நாமும் அதே ரயிலில் போகலாம். ஆனால் 90 நாட்களுக்கு மேல் அந்த மாநிலத்தில் காரை வைத்திருந்தால் அவர்கள் சட்டப்படியான காப்பீடு வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் எடுத்துப் போனால், இடிக்கும் நாளில்தான் அருமை தெரியும்.

புதுக்காற்று

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கிறேன். நானும் இதற்குப் போக முடியுமா? என் ஓட்டுநர் உரிமத்தில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று வேறு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைப் பிரிக்காமல் போட்டதன் விளைவு.

காகிதப்புலி

எஃப்என்யு என்றால் 'முதல் பெயர் தெரியவில்லை'. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அமெரிக்கா வைத்த பெயர் அது.

எஃப்-1இல் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய, படிக்கும்போதே பாடத்தின் பகுதியாகத் தரும் சிபிடி அனுமதி வேண்டும். ஒரு கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும், உங்கள் பாடத்தோடு வேலை பொருந்த வேண்டும், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும். விருந்தோம்பல் மேலாண்மை படிப்பவருக்கு உணவுக் கவுண்டரைப் பாடத்தோடு இணைத்துக் காட்டலாம். கணினி அறிவியல் படிப்பவர் எப்படிக் காட்டுவார் என்று நீங்களே யோசியுங்கள். முழு நேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால், படிப்புக்குப் பின் அதே பட்ட நிலைக்குக் கிடைக்கும் ஓபிடி என்ற வேலை அனுமதி போய்விடும். எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த அதிகாரியைப் பாருங்கள்.

ஆர்லாண்டோ சித்தி

பதினொரு வருடமாக இங்கே இருக்கிறேன். விமான நிலையத்திலிருந்து டிஸ்னி இருபது மைலுக்கு மேல். முன்பு ஓட்டல் விருந்தினர்களுக்கு டிஸ்னியே இலவச பஸ் விட்டுக்கொண்டிருந்தது, அது 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. யாரோ பழைய கதையைச் சொன்னார்கள் என்று பெட்டியோடு பஸ்ஸைத் தேடாதே.

புளோரிடா என்றால் எப்போதும் வெயில் என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறார்கள். ஜனவரி விடியற்காலையில் இங்கே நடுங்கும். கோவை மார்கழியைவிடக் குளிர் என்று வைத்துக்கொள், சில நாள் இன்னும் மோசம். ஒரு ஸ்வெட்டர் போதும், நியூ ஜெர்சிப் பனிக்கோட்டு வேண்டாம். ஜூன் வந்தால் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம்.

கார் இல்லாவிட்டாலும் வேலைக்குப் போகலாம், விடுதியிலிருந்து ஊழியர் பஸ் உண்டு. கார் வேண்டியது நமக்கான சாமானுக்கும் கோயிலுக்கும்தான். இந்து சங்கக் கோயில் காசல்பெரியில் இருக்கிறது, ஊருக்கு அந்தப் பக்கம். போய்வர அரை நாள் ஆகும். என் கருத்தைக் கேட்டால், முதல் இரண்டு மாதம் காரில்லாமல் இருந்து பார். அப்புறம் அப்பாவே ஓட்டிக்கொண்டு வரட்டும், அவருக்கும் மகளைப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கும்.

டிஸ்னியின் எப்காட் பூங்காவில் பதினொரு நாடுகளுக்கு அரங்கம் வைத்திருக்கிறார்கள், இந்தியாவுக்கு இல்லை. அங்கே சுற்றிப் பசித்தால் நம் சோற்றுக்கு என் வீட்டுக்குத்தான் வர வேண்டும். தனிச்செய்தி அனுப்பு.

பீளமேட்டுக்காரி (டிசம்பர் 4)

எல்லோருக்கும் நன்றி. நவம்பர் 14ஆம் தேதி அலுவலகத்துக்குப் போனேன். அப்பாவும் வந்தார். கவுண்டரில் இருந்த பெண் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த இரண்டு எழுத்தை எப்படி உச்சரிப்பீர்கள்?" என்று கேட்டார். அப்பா மூன்று முறை சொல்லிக் காட்டினார். அவர் மூன்று முறையும் எல் என்றுதான் திருப்பிச் சொன்னார். அப்பா என்னைப் பார்த்த பார்வை, 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்பதுதான். நேற்று புது அட்டை வந்தது. இசட், எச் இரண்டும் இருக்கின்றன.

கடன் விஷயத்தைக் கல்லூரியில் கேட்டேன். வேலையோடு இரண்டு இணைய வகுப்புகள் எடுத்தால் பாதி நேரக் கணக்கு வந்துவிடும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கார் இப்போதைக்கு இல்லை. ஆட்சேர்ப்புப் பிரிவுக்கு எழுதவில்லை, அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு நாள் பேசவில்லை. மறுநாள் ரைஸ் குக்கர் வாங்கி வந்திருந்தாள். அதோடு இட்லிப்பொடி ஒரு கிலோ, ஆவக்காய் ஒரு பாட்டில். மூன்றையும் கையில் கொண்டு போகும் பெட்டியில் வைக்கச் சொல்கிறாள், விமானத்தில் ஏற்றும் பெட்டி தொலைந்தால் பட்டினி கிடப்பேனாம். வைக்கலாமா?

ஈரமிளகாய்

குக்கரை வைக்கலாம், திறந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஊறுகாய் கூடாது. 100 மில்லிக்கு மேல் உள்ள குழம்பு வகை எதையும் பிடுங்கிவிடுவார்கள், அதைப் பெரிய பெட்டியில் இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடு. பொடி ஒரு கிலோ என்றால் தனியாக எடுத்துச் சோதிப்பார்கள், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள். ஒரு சின்ன டப்பா மட்டும் கையில், மீதி பெரிய பெட்டியில். ஷூ வாங்கிவிட்டாயா?

பீளமேட்டுக்காரி

வாங்கிவிட்டேன், அக்கா. ஒரு வாரமாக வீட்டுக்குள் நடக்கிறேன். கீழ் வீட்டுக்காரர் நேற்று மேலே வந்து கேட்டார்.