பிஇஐ போட்டால் செல் எல்லாம் மிதக்கிறது, அவசரம்

ராத்திரி_இன்குபேட்டர்:
கட்டிச் செல்லைச் சாகடிக்கும் பி53 ஜீன் உள்ள பிளாஸ்மிடை (வட்ட டிஎன்ஏ) பிஇஐ (டிஎன்ஏவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் பாலிமர்) வைத்து ஏற்றினேன், ஜீனை வைரஸில் வைத்து அனுப்ப எங்கள் லேபில் வசதி இல்லை. 24 மணி நேரத்தில் செல்கள் உருண்டு மிதக்கின்றன. கைடு "ஜீன் வேலை செய்யுது" என்று குஷியாக இருக்கிறார், எனக்கு நம்பிக்கை இல்லை. பிஇஐயும் டிஎன்ஏவும் 5:1 போட்டேன். வெள்ளிக்கிழமை லேப் மீட்டிங், யாராவது சொல்லுங்கள்.

பைப்பெட்_மணி:
எந்த செல்? பிஇஐ லீனியரா (நேர்ச்சங்கிலி), கிளைத்ததா? 5:1 எடையிலா, என்/பி விகிதமா (பிஇஐயின் நைட்ரஜனுக்கும் டிஎன்ஏவின் பாஸ்பேட்டுக்கும் உள்ள விகிதம்)? வெறும் வெக்டர் (பி53 இல்லாத பிளாஸ்மிட்) போட்டுப் பார்த்தீர்களா?

தட்டுக்காரி:
சீரம்தான் (செல் வளர்க்கும் திரவத்தில் சேர்க்கும் ரத்தநீர்), பந்தயம் கட்டுகிறேன். பிஇஐயும் டிஎன்ஏவும் சேர்ந்த காம்ப்ளக்ஸ் கட்டும்போது சீரம் இருந்தால் புரதம் ஒட்டி மொத்தையாகிவிடும். 150 மில்லிமோலார் உப்புக் கரைசலில் கலந்து 15 நிமிடம் விடுங்கள். சீரம் இருந்ததா?

மூத்தவன்72:
தம்பி, டிஎன்ஏவைக் கட்டியதுபோக மிச்சமுள்ள பிஇஐ செல்சவ்வைக் கிழிக்கும். எம்.எஸ்சி.யிலேயே படித்திருக்க வேண்டியது.

ராத்திரி_இன்குபேட்டர்:
ஹீலா (கருப்பைவாய்ப் புற்றுநோய் செல்). கிளைத்தது, 25 கிலோடால்டன். எடையில்தான், பேப்பரில் 5 என்றுதானே இருந்தது?

பைப்பெட்_மணி:
அங்கேதான் இடிக்கிறது. பேப்பரில் இருப்பது என்/பி. 1 மைக்ரோகிராம் டிஎன்ஏவில் பாஸ்பேட் சுமார் 3 நானோமோல், அதே எடை பிஇஐயில் நைட்ரஜன் சுமார் 23. நீங்கள் ஊற்றியது என்/பி 38 பக்கம்! 5 வேண்டுமென்றால் ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏவுக்கு 0.65 மைக்ரோகிராம் பிஇஐ போதும். அப்புறம், ஹீலாவிலா பி53? அதிலிருக்கும் எச்பிவி-18 வைரஸின் இ6 புரதமே பி53ஐச் சிதைத்துவிடுமே. பி53 இல்லாத எச்1299 (நுரையீரல் புற்றுநோய் செல்) எடுங்கள்.

மூத்தவன்72:
இவ்வளவு வம்பு எதற்கு, அடினோவைரஸ் போடலாம். சீனாவில் ஜென்டிசின் என்ற புற்றுநோய் ஜீன் மருந்து 2003லேயே அனுமதி வாங்கியது, அதுவும் அடினோவைரஸில் பி53 ஏற்றியதுதான்.

தட்டுக்காரி:
வைரஸ் வசதி இல்லை என்று முதல் வரியிலேயே இருக்கிறதே சார். 1999இல் பென்சில்வேனியாவில் ஜீன் சிகிச்சைச் சோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற இளைஞர் இறந்தது இதே அடினோவைரஸால்தானே?

மூத்தவன்72:
அது கல்லீரல் என்சைம் குறைபாட்டுக்கான சோதனை. ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்கு ஏற்றுவதும் கட்டிக்குள் ஊசி போடுவதும் ஒன்றா?

தட்டுக்காரி:
உடம்பில் எதிர்ப்பொருள் உருவான பிறகு அதே வைரஸை இரண்டாவது தடவை போட்டால் எடுபடுமா? அதையும் சொல்லுங்கள்.

ராத்திரி_இன்குபேட்டர்:
0.65 போட்டேன், செல்கள் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. பழைய அளவில் வெறும் வெக்டருக்கும் அதே சாவுதான், கைடிடம் இன்னும் சொல்லவில்லை. ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) ஜீன் போட்ட தட்டுக் கிணறுகளில் பச்சை அங்கொன்றும் இங்கொன்றும்தான், ஜீன் சில செல்களில்தான் ஏறியிருக்கிறது. பக்கத்து லேபில் எச்1299 கேட்டிருக்கிறேன். நன்றி.

தட்டுக்காரி:
சீரம் இருந்ததா இல்லையா?