மறு: ஃபில்ஹெலீன் (கிரேக்கப் பண்பாட்டை நேசிக்கும் வெளியாள்) – தமிழில் என்ன சொல்லலாம்?

> யவனப்பிரியர், கிரேக்கப்பித்தர், கிரேக்கப்பற்றாளர் – மூன்றில் ஒன்று முடிவானால் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் பற்றிய கட்டுரையை முடித்துவிடுவேன்.

வணக்கம் ஐயா,

யவனப்பிரியர் காதுக்கு இதம்தான். ஆனால் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய சங்ககால யவனர் கிரேக்கரா ரோமரா என்று பிரிக்க முடியாது. அந்தச் சொல் இருவரையும் அள்ளிக்கொள்கிறது. ரோமப் பேரரசரை யவனப்பிரியர் என்றால், சொந்த ஆட்கள் மேல் பிரியம் என்றும் படிக்கலாம். விட்டுவிடுவோம்.

பித்தர் என்பது இன்னொரு ரோமப் பேரரசரான நீரோவுக்குப் பொருந்தும். ஒலிம்பியா தேர்ப்பந்தயத்தில் தேரிலிருந்து விழுந்த பிறகும் வெற்றி முடி அவருக்கே. கி.பி. 67இல் கிரேக்கத்துக்கு விடுதலை என்று அறிவித்தார். பின்னால் வந்த பேரரசர் வெஸ்பாசியன் அதை ரத்து செய்துவிட்டார். ஹேட்ரியன் அந்த ரகமே இல்லை. ஏதென்ஸில் ஒரு வாசல் கல்லில் அவருடைய எண்ணெய்ச் சட்டம் இன்னும் இருக்கிறது: ஒலிவ எண்ணெய் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு நகரத்துக்கு, ஹிப்பார்க்கஸ் என்ற ஏதென்ஸ் செல்வரிடமிருந்து பறிமுதலாகி ஏலம் போன நிலங்களை வைத்திருப்போருக்கு மட்டும் எட்டில் ஒன்று. வெளியே அனுப்புகிற வணிகர் கணக்கு காட்ட வேண்டும். பித்துப் பிடித்தவர் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்ப்பாரா?

பற்றாளரில் எனக்கு வேறு சிக்கல். நாட்டுப்பற்று, மொழிப்பற்று என்று நமக்குச் சொந்தமானதன் மேல்தான் பற்று என்கிறோம். ஹேட்ரியன் எவ்வளவு நெருங்கினாலும் வெளியாள். ஆட்சிக்கு வரும் முன்பே, 111/112இல், ஏதென்ஸ் அவரை ஆர்க்கான், அதாவது நகரத்தின் தலைமை அதிகாரி, ஆக்கியது. ஆறு நூற்றாண்டுக்கு மேல் அரைகுறையாய்க் கிடந்த ஒலிம்பிய சூஸ் கோயிலை அவர் கட்டி முடித்தார். ஆனால் பக்கத்திலேயே நிற்கும் வளைவைப் பாருங்கள். ஒரு பக்கம், ‘இது ஏதென்ஸ், தீசியஸின் பழைய நகரம்’ (தீசியஸ் ஏதென்ஸின் புராண மன்னர்). மறுபக்கம், ‘இது ஹேட்ரியனின் நகரம், தீசியஸினுடையது அல்ல’. நேசமும் உண்டு, பட்டா மாற்றமும் உண்டு!

என் பரிந்துரை கிரேக்கநேயர், கிரேக்கநேயம். மனிதநேயத்தால் பழகிய சொல்தான். 1820களில் கிரேக்க விடுதலைப் போருக்குப் போன ஆங்கிலக் கவிஞர் பைரன் போன்றவர்களுக்கும் இதே சொல் பொருந்தும். ஆர்வலர் என்று யாராவது எழுதும் முன் சொல்லிவிடுகிறேன்: பறவை ஆர்வலர் நினைவுதான் வரும்.

—

> கிரேக்கநேயர்

சரி, எடுத்துக்கொள்கிறேன். அப்புறம் இரண்டு சொற்கள் பாக்கி.

இளமையில் ஹேட்ரியனைக் கேலி செய்த ‘கிரைகுலுஸ்’ என்ற பட்டப்பெயருக்குக் ‘கிரேக்கப் பொடியன்’ போட்டிருக்கிறேன். அந்த இளக்காரம் வந்துவிடுகிறது. 131/132இல் அவர் ஏதென்ஸை மையமாக வைத்து அமைத்த பன்ஹெலீனியன் என்ற கிரேக்க நகரங்களின் கூட்டமைப்புக்கு ‘அனைத்துக் கிரேக்கப் பேரவை’ என்று எழுதினேன். சரிதானே?

—

பொடியன் பிரமாதம், கைவைக்காதீர்கள்.

‘அனைத்து’ மட்டும் வேண்டாம். கிரேக்க நகரங்கள் எல்லாமே அதில் இருந்ததில்லை. சேர விரும்பும் நகரம் தன் கிரேக்கப் பூர்வீகத்தைக் காட்ட வேண்டியிருந்தது. வட ஆப்பிரிக்காவின் சைரீன் வரை உறுப்பு நகரங்கள் இருந்தன. உறுப்பினர் ஆள் அல்ல, நகரம் என்பதும் தெரிய வேண்டும். ‘கிரேக்க நகரப் பேரவை’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் பன்ஹெலீனியன் என்ற பெயரையும் சேர்த்துவிடுங்கள்.