மீன்தொட்டி கசிந்த அனுபவம் உண்டா? முதலில் என்ன செய்தீர்கள்?

மும்பை செம்பூரிலிருந்து:

போன ஆடியில் ஒரு நாள் விடியற்காலை நாலு மணி. தண்ணீர் குடிக்க எழுந்து ஹாலுக்கு வந்தேன், காலடியில் சில்லென்று ஈரம். மழைச்சாரல் என்றுதான் நினைத்தேன். லைட்டைப் போட்டால், மூணடி தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியில் கீழ் மூலையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு முடி போல ஒரு கோடு. அதன் வழியே வழிந்த தண்ணீர் ஸ்டாண்டின் அடித்தட்டுக்கு இறங்கியிருந்தது. அங்கேதான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஃபில்டர், ஹீட்டர், விளக்கு மூன்றும் அதில்தான்.

சத்தம் கேட்டு வந்த என் பையன், மீனைப் பிடிக்கிறேன் என்று தொட்டிக்குள் கையை விடப் போனான். கத்திவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அடிவயிறு கலங்குகிறது. ஈரத்தில் மிதிக்காமல் சுற்றிப் போய், வாசல் பக்கம் இருக்கும் மெயினை அணைத்த பிறகுதான் மொபைல் வெளிச்சத்தில் மற்றதெல்லாம். ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் இறங்கினால் அதன் கண்ணாடிக்குழாய் சூடேறி வெடிக்கலாம், அதற்காகவும் மின்சாரம்தான் முதலில்.

அப்புறம் டியூபைப் போட்டுத் தண்ணீரை உறிஞ்சி நீல டிரம்மில் பிடித்தோம். ஏஞ்சல் மீன்கள் ஆறும் அதற்குள் போயின. எங்கள் சொசைட்டியில் குழாயில் தண்ணீர் வருவது காலையில் கொஞ்ச நேரம்தான், அதனால் பழைய தண்ணீரில் ஒரு வாளியைக்கூடக் கீழே ஊற்றவில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சையும் அதே தண்ணீரில் போட்டு வைத்தேன். குழாய்த்தண்ணீரில் அலசினால் குளோரின் பட்டு, மீன் கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியா செத்துவிடும்.

காரணம் தேடினால், தப்பு என்னுடையது. ஸ்டாண்டின் ஒரு கால் பள்ளமான டைல் மீது இருந்ததால் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தேன். தரை துடைக்கத் துடைக்க அட்டை ஊறி நசுங்கிவிட்டது. தண்ணீர் மட்டுமே சுமார் 125 கிலோ, கல்லும் மணலும் தனி. அத்தனை கனமும் ஒரு மூலையில் முறுக்கினால் கண்ணாடி என்ன செய்யும்?

முதலில் விரிசல் மேல் சிலிக்கான், அதாவது தொட்டிக் கண்ணாடிகளை ஒட்டும் பசை, பூசிப் பார்த்தேன். இரண்டே நாளில் திரும்பவும் ஈரம் கசிந்தது. குர்லாவில் ஒரு கடைக்காரர் சொன்னார்: "சிலிக்கான் ஓரத்தை ஒட்டத்தான் பாய், உடைஞ்ச கண்ணாடியைச் சேர்க்க இல்ல." அந்த ஒரு பக்கக் கண்ணாடியையே மாற்றினோம். பழைய சிலிக்கானை பிளேடால் முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்த பிறகே புதியது. பழையதன் மேல் புதியது சரியாகப் பிடிக்காது. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அது மீனுக்கு விஷம். புதிய சிலிக்கான் காய்கையில் மூன்று நாள் வினிகர் வாடை. அது முழுக்கப் போன பிறகு பால்கனியில் ஒரு நாள் தண்ணீர் நிரப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவந்தோம். இப்போது தொட்டிக்கு அடியில் தெர்மோகோல், ஸ்டாண்டுக்கு ரசமட்டம் பார்த்துச் செதுக்கிய மரக்கட்டை.

மாட்டுங்காவிலிருந்து:

அண்ணா, பையனைத் தடுத்தீர்களே, அது பெரிய விஷயம். எங்கள் வீட்டில் எனக்கே நடந்தது. விளக்கு பொருத்திய தகர மூடியைத் தூக்கியபோது முழங்கை வரை சுரீரென்றது. எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்தார். உள்ளே ஆவி படிந்து ஹோல்டர் பச்சை பூத்திருந்தது. மூணு பின் பிளக்கை யாரோ வெட்டி இரண்டு பின் ஆக்கியிருந்ததால் எர்த்தும் இல்லை. "எம்சிபி இருக்கே" என்றேன். அது லோடு ஏறினாலோ ஷார்ட் ஆனாலோதான் விழுமாம், ஆளைக் காப்பாற்ற, மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் வேண்டும் என்றார். அன்றே போட்டோம்.

இப்போது 12 வோல்ட் எல்ஈடி, அதன் அடாப்டர் தொட்டியை விட்டுத் தள்ளிச் சுவரில். விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் கண்ணாடி மூடி. வயர் நேராகப் பிளக்குக்குப் போகாது. பிளக்கை விடக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறும், அதனால் வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். காசே ஆகாத வேலை, எல்லோரும் இன்றே செய்யுங்கள்.

தாராவியிலிருந்து:

எங்களுடையது ஒரே அறை, தொட்டியும் சின்னது. விளக்கை மூடி மேல் வைக்காமல், மேலே பரணிலிருந்து இரண்டு சங்கிலியில் தொங்க விட்டிருக்கிறேன். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று தாங்கும், தண்ணீரில் விழாது. டைமர் வைத்து ஏழு மணி நேரம்தான் எரிகிறது. முன்பு நாள் முழுக்க எரிந்தபோது கண்ணாடியெல்லாம் பாசி.

செம்பூர் அண்ணா, மீன்கள் பிழைத்தனவா?

செம்பூரிலிருந்து:

ஆறும் நன்றாக இருக்கின்றன தம்பி. பெரியது மட்டும் டிரம்மில் இரண்டு நாள் சாப்பிடாமல் மூலையிலேயே நின்றது. தொட்டிக்கு மாறிய மறுநாள் காலையில் பையன் கையை மேலே கொண்டுபோனதும் எழும்பி வந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இப்போது சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே. தொட்டியில் கை வைக்கும் முன் அதை அணைப்பது இப்போது அவன் வேலை.