போர்வெல்லை விட்டுவிட்டு மழைத்தண்ணீர் குடிக்கலாமா? தானியங்கி வடிகட்டி வைத்தவர்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு உண்டு, ஊருக்கே தெரியும். என் மகனுக்கு எட்டு வயது, முன்பல்லில் பழுப்புக் கோடு விழுந்துவிட்டது, பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்கவில்லை. 1000 சதுர அடி மொட்டை மாடியும் 5000 லிட்டர் தொட்டியும் இருக்கிறது. குடிக்க, சமைக்க நாளுக்கு 20 லிட்டர் என்றால் 250 நாள் வருமே. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், நின்று வால்வு திருப்ப ஆள் இல்லை. கடையில் ஆர்ஓ வைக்கச் சொல்கிறார்கள். தொட்டி குறைந்தால் போர்வெல் மோட்டார் தானாக ஓடி நிரப்பவும் ஃப்ளோட் ஸ்விட்ச் போடலாம் என்றிருக்கிறேன்.

வேலந்தாவளம் பிளம்பர்:
தம்பி, மழைத்தண்ணீரில் உப்பே கிடையாது, ஆர்ஓ எதற்கு, பாதித் தண்ணீர் வீணாகும். முதல் மழை மாடியைக் கழுவிக்கொண்டு வரும், காக்காய் எச்சம் பூராவும் அதில்தான். அதை வெளியே தள்ளுங்கள். உங்கள் மாடியில் 1 மில்லிமீட்டர் பெய்தால் கிட்டத்தட்ட 90 லிட்டர், அதனால் முதல் 2 மில்லிமீட்டரைப் பிடித்து ஒதுக்க 200 லிட்டர் நீல டிரம் ஒன்று சரியாக இருக்கும். உள்ளே ஒரு பந்து, டிரம் நிறைந்ததும் மேலே வந்து வாயை அடைத்துக்கொள்ளும், அப்புறம் வருவது நேரே மணல் வடிகட்டிக்குப் போகும். டிரம்மின் அடியில் சின்ன ஓட்டை போட்டுவிட்டால் சொட்டுச் சொட்டாக வடிந்து அடுத்த மழைக்குக் காலியாகிவிடும். கரண்டே வேண்டாம். தொட்டி வாய்க்குக் கொசுவலை மறக்காதீர்கள்.

மீனாட்சிபுரம் டீச்சர்:
நான் பட்டதைச் சொல்கிறேன். தூசி பிடிக்கும் 5 மைக்ரான் காட்ரிட்ஜ், கார்பன் வடிகட்டி, கடைசியில் கிருமியைக் கொல்லும் யூவி விளக்கு, எல்லாம் இருந்தது. ஒரு ராத்திரி கரண்ட் போய் விளக்கு அணைந்துவிட்டது, உயரத்துத் தொட்டியிலிருந்து தண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு இறங்கிக் குடிநீர்த் தொட்டியில் சேர்ந்திருக்கிறது. இரண்டு நாளில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. இப்போது கரண்ட் இல்லாவிட்டால் தானே மூடிக்கொள்ளும் ஸோலனாய்டு வால்வு வைத்திருக்கிறோம், விளக்கின் ஒளியை அளக்கிற சென்சார் சரி என்றால்தான் திறக்கும். தானியங்கி என்றால் தண்ணீரை விடத் தெரிந்தால் போதாது, நிறுத்தத் தெரிய வேண்டும். விளக்கு நீலமாக எரிகிறதே என்று நம்பாதீர்கள், 9000 மணி நேரம், அதாவது ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனால் மாற்றிவிடுங்கள். கலங்கல் தண்ணீரில் ஒளி ஊடுருவாது, அதனால் காட்ரிட்ஜையும் கவனிக்க வேண்டும்.

அப்புறம் அந்த போர்வெல் இணைப்பு தயவுசெய்து வேண்டாம். ஃபுளோரைடு யூவிக்கும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. நீங்கள் ஊரில் இல்லாத நாளில் மோட்டார் ஓடித் தொட்டி நிறைந்தால் குடித்துப் பார்த்து யாருக்கும் தெரியாது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ஐயோ, அது எனக்குத் தோன்றவே இல்லை டீச்சர். ஃப்ளோட் ஸ்விட்சை விட்டுவிடுகிறேன். மாட்டுக்கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அந்தத் தண்ணீரையும் சேர்க்கலாமா?

வேலந்தாவளம் பிளம்பர்:
குடிக்க வேண்டாம், தென்னைக்கு விடுங்கள். தொட்டி நிறைந்ததும் கிருமி சோதிக்கும் ஹெச்டூஎஸ் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஒரு நாள், இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். கறுத்தால் கிருமி இருக்கிறது, கறுக்கவில்லை என்று தெரியும்வரை கொதிக்க வைத்தே குடியுங்கள்.